அப்பாவின் கண்ணில் கறுப்புக் கோடு: அடிபட்ட காயமா, வேறு ஏதாவதா?

பெர்ஜுந்தை மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரிடமும் பேச முடியாத விஷயம்.

நாங்கள் மலேசியாவில் சிலாங்கூர் பக்கம், பத்தாங் பெர்ஜுந்தை. பெயர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி நாளாகிவிட்டது, ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டப் போனார். ஓய்வுக்குப் பிறகு லயத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் என் தம்பியோடு இருந்தார். வயது 74. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. கிளினிக் புத்தகம் தடிமனாக இருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். ஆறு மணிக்குத் தம்பி காப்பி கொண்டுபோய் எழுப்பியிருக்கிறான், உடம்பு சில்லென்று இருந்திருக்கிறது. கண் பாதி திறந்தபடி. தலைக்கு மேல் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பதறிப்போய் எனக்கும் அத்தைக்கும் போன் அடித்தானே தவிர, கண்ணை மூட வேண்டும் என்று தோன்றவில்லை. கிள்ளானிலிருந்து நான் வந்து சேர எட்டரை. அதற்குள் அத்தை இமையை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார், நிற்கவில்லை. கையை எடுத்தால் மறுபடியும் மேலே போய்விடுகிறது.

குளிப்பாட்டும்போதுதான் வினை வந்தது. இரண்டு கண்ணிலும், கருவிழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளை விழியில் குறுக்காக ஒரு பட்டை. பழுப்பும் கறுப்புமாக. கருவிழியே பூத்துப்போய் மங்கலாக இருந்தது. இடது கண்மணி பெரியது, வலது சின்னது. அத்தை அத்தனை பேர் முன்னாலும், “இது அடிபட்ட கண்ணு. ராத்திரி இந்த வீட்ல யாரு இருந்தா?” என்று கேட்டுவிட்டார். தோட்டத்தில் கொடுத்த பணம் விஷயமாகத் தம்பிக்கும் அப்பாவுக்கும் அதற்கு முந்தைய வாரம்தான் வாய்த்தகராறு நடந்திருந்தது. அது அத்தைக்குத் தெரியும்.

போலீஸ் வந்து பார்த்தார்கள். கிளினிக் புத்தகத்தைப் புரட்டினார்கள், கேள்வி கேட்டார்கள், புதைக்கவோ எரிக்கவோ வேண்டிய பெர்மிட்டும் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொந்தக்காரர்களுக்குப் போலீஸ் சொன்னது போதவில்லை. சனிப் பொணம் தனியாகப் போகாது என்று கோழி கட்டினார்கள், சரி, அது வழக்கம். கண் மூடாமல் போனவர் அடுத்த ஆளைத் தேடுகிறார் என்று ஒருவர். ஆசை தீராமல் போய்விட்டார் என்று இன்னொருவர். அத்தை கருமாதிக்கு வரவில்லை. தம்பி வேலைக்குப் போகிறான், வருகிறான், யாரோடும் பேச்சில்லை.

உடம்பை எரித்தாகிவிட்டது. இனி பார்க்க ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: செத்த பிறகு கண்ணுக்கு என்ன ஆகும்? அந்தக் கறுப்புப் பட்டை தானாக வருமா? ஒரு கண்மணி பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் அது எதற்கு அடையாளம்? தெரிந்தவர்கள் தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலவன் அடிமை:

அம்மா, அப்பாவின் ஆத்மா சாந்தியடையட்டும். கண் திறந்து போவது ஏதோ சொல்ல நினைத்ததன் அறிகுறி என்று எங்கள் பாட்டி சொல்வார். கோயிலில் மோட்ச தீபம் ஏற்றுங்கள். இதையெல்லாம் ஆராய்ந்தால் மனக்கஷ்டம்தான் மிஞ்சும்.

பழைய டிரெசர்:

வேலவன் தம்பி, தீபம் ஏற்றட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பெண் கேட்டது வேறு கேள்வி. ஒரு பையன் மேல் கொலைப்பழி நிற்கிறது.

தங்கச்சி, நான் கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் டிரெசராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக இருந்தவன். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் சவக்கிடங்குப் பக்கமும் வேலை பார்த்தேன். செத்தவர்களின் கண்ணைப் பார்ப்பது என் தொழிலில் ஒரு பாதி. நீங்கள் மறைக்காமல் சொல்லச் சொன்னதால் அப்படியே சொல்கிறேன். மனம் தாங்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முதலில் அந்தப் பட்டை. தடயவியல் புத்தகங்களில் அதற்கு ‘தாஷ் நுவார்’ என்று ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. எங்கள் கிடங்கில் காய்ந்த கோடு என்போம். உயிரோடு இருக்கிறவரை நாம் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை கண் சிமிட்டுகிறோம், ஒவ்வொரு சிமிட்டலும் கண்ணீரை விழி முழுவதும் தடவிவிடுகிறது. மூச்சு நின்றால் சிமிட்டலும் நின்றது. இமை பாதி திறந்திருந்தால், இமைக்கு அடியில் இருக்கும் பகுதி ஈரமாகவே இருக்கும், நடுவில் திறந்திருக்கும் பகுதி மட்டும் காயும். காய்ந்த இடத்தில் தூசியும் செத்த செல்லும் சளியும் படியும். முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, கடைசியில் கறுப்பு. கருவிழி நடுவில் இருப்பதால் அதற்கு இரண்டு பக்கமும் முக்கோணமாகவோ பட்டையாகவோ தெரியும். மூன்று நான்கு மணி நேரத்தில் வந்துவிடும். உங்கள் வீட்டில் விசிறி வேறு நேரே முகத்தின் மேல் ஓடியிருக்கிறது.

அடிபட்ட கண் எப்படி இருக்கும் என்று உங்கள் அத்தைக்குச் சொல்லுங்கள். இமை வீங்கும், நீலம் பாரிக்கும். வெள்ளை விழியில் இரத்தம் கட்டினால் அது சிவப்பு, பழுப்பு அல்ல. தோட்டத்தில் சம்சு சாராயம் குடித்துவிட்டுச் சம்பள நாளில் அடித்துக்கொண்டு வருகிறவர்களின் கண்ணை நான் கழுவியிருக்கிறேன். எந்தக் குத்தும் இரண்டு கண்ணிலும் ஒரே மட்டத்தில், ஒரே அகலத்தில், இமை திறந்திருந்த இடத்தை மட்டும் பார்த்துக் கோடு போடாது. உங்கள் அப்பா உடம்பை நான் பார்க்கவில்லை, அதனால் மரணச் சான்றிதழ் எழுதுகிற மாதிரிப் பேச மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம் காய்ந்த கோட்டின் அடையாளம். மூச்சை அடைத்துக் கொன்றார்களா என்று சந்தேகம் வந்தால் தடயவியல் டாக்டர் இமையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார், குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகளைத் தேடுவார். கறுப்புப் பட்டையைத் தேட மாட்டார்.

இமை ஏன் மூடவில்லை? தூங்கும்போது கண் மூடுவதே தசை வேலைதான். கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தசை இருக்கிறது, அது சுருங்கினால்தான் இமை முழுதாக மூடும். மேல் இமையைத் தூக்கப் பிடிக்க இன்னொரு தசை. சாவில் இரண்டும் தளர்ந்துவிடும். பிறகு இமை எங்கே இருந்ததோ அங்கேயே கிடக்கும். பாதி மூடிய கண்தான் சாவில் சகஜம். நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லத்தில் இதற்கென்றே கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மூன்றில் ஒருவருக்கு மேல் கண் மூடாமல் போயிருக்கிறார்கள். அத்தனை பேரும் ஆசை தீராதவர்களா? ஆசை தீர்ந்து செத்த மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை, அது வேறு கதை.

அத்தை இழுத்தும் ஏன் நிற்கவில்லை என்றால், நேரம் தாண்டிவிட்டது. செத்த உடம்பு விறைப்பது இமையிலும் தாடையிலும்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும். கை கால் அப்புறம்தான். நம் ஊர் உஷ்ணத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். விடியற்காலையில் போனவரின் இமையை எட்டு மணிக்கு இழுத்தால் எப்படி நிற்கும்? மறுநாள் பார்த்திருந்தால் தானாகவே தளர்ந்திருக்கும். அதனால்தான் பழைய ஆட்கள் உயிர் போனதும் முதல் வேலையாகக் கண்ணைப் பொத்துவார்கள், வாய்க்கட்டு கட்டுவார்கள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். சாஸ்திரம் என்று சொல்லிச் செய்தார்கள், ஆனால் கடிகாரம் தெரிந்து செய்தார்கள்.

கருவிழி பூத்தது. கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் தெளிந்த தோல் ஒன்று இருக்கிறது, கார்னியா என்போம். அதில் இரத்தக் குழாயே கிடையாது. உள்பக்கம் ஒரே வரிசையாக இருக்கும் செல்கள் இரவும் பகலும் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் அது தெளிவாக இருக்கிறது. செத்த பிறகு இறைப்பு நின்று, தண்ணீர் ஊறி, உப்பி, மங்கும். கண் திறந்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மேலே ஏடு கட்டியதுபோலத் தெரியும். மூடியிருந்தால் ஒரு நாள் வரைகூடத் தள்ளிப்போகும்.

கண்மணி விஷயம் அத்தையை அதிகம் பயமுறுத்தியிருக்கும், ஏனென்றால் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பார். உயிரோடு இருக்கிறவனுக்குத் தலையில் அடிபட்டு ஒரு கண்மணி மட்டும் விரிந்தால் அது ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். செத்தவர் கணக்கு வேறு. சாவில் கண்மணி விரியும், வெளிச்சம் அடித்தால் சுருங்காது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பது அதற்குத்தான். அப்புறம் கண்மணியைச் சுற்றியுள்ள குட்டித் தசையும் விறைக்கும். இரண்டு கண்ணிலும் ஒரே அளவாக விறைக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் நின்றுவிடுவது நான் நிறையப் பார்த்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், செத்துச் சில மணி நேரம் வரை மருந்துத் துளி விட்டால் கண்மணி அசையும். ஆள் போய்விட்டார், தசைக்கு இன்னும் சேதி போகவில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள கண்ணுக்குள் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும். இதயம் நின்றதும் அது இறங்கிவிடும், விழி மெத்தென்று ஆகும், உள்ளே அமுங்கும். விழித்திரையின் குழாய்களில் இரத்தம் ஓட்டம் நின்று, தண்டவாளத்தில் விட்டுவிட்டு நிற்கும் சரக்குப் பெட்டிகள் மாதிரி துண்டு துண்டாகும். அதற்கான கருவியால் பார்த்தால் சில நிமிடங்களிலேயே தெரியும். இதை வைத்துச் சாவை உறுதி செய்யலாம் என்று 1956-இல் கட்டுரை எழுதியவர் கெவோர்க்கியன், பிற்காலத்தில் நோயாளிகள் சாக உதவியதற்காக அமெரிக்காவில் ஜெயிலுக்குப் போனாரே, அந்த டாக்டர்தான். விழிக்குள் இருக்கும் கூழில் பொட்டாசியம் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும், தடயவியல் டாக்டர்கள் ஊசியால் கொஞ்சம் எடுத்து, எப்போது செத்தார் என்று உத்தேசமாகக் கணக்குப் போடுவார்கள். எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஏற்றிவிடுவார்கள், முகம் குழியாகத் தெரியாது. உடம்பின் மற்ற பாகங்கள் கெட ஆரம்பித்த பிறகும் அந்தக் கூழ் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். எரிக்காமல், குளிரில் வைக்காமல் நம் ஊர் வெயிலில் விட்டால் இரண்டாம் மூன்றாம் நாள் வாயு சேர்ந்து கண் வெளியே தள்ளும். அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் தம்பியைக் கூப்பிட்டு இதைப் படிக்கச் சொல்லுங்கள். அத்தைக்கு முன்னால் அவனுக்குத்தான் இது தேவை.

செம்பனைப் பையன்:

ஐயா, ஒரு சந்தேகம். செத்தவர் கடைசியாகப் பார்த்த உருவம் கண்ணில் பதிந்திருக்கும் என்று எங்கள் மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) சொல்வார். அப்படி இருந்தால் படம் எடுத்துப் பார்த்திருக்கலாமே? தம்பி மேல் பழியே வந்திருக்காது.

பழைய டிரெசர்:

உங்கள் மண்டோர் நாகப்பாம்பு கதையிலிருந்து அதைப் பிடித்திருப்பார். எங்கள் தோட்டத்திலும் நாகத்தை அடித்தால் தலையை நசுக்காமல் விட மாட்டார்கள். கண்ணைக் கெடுக்காவிட்டால் ஜோடிப் பாம்பு வந்து, அதில் பதிந்த முகத்தைப் பார்த்து, அடித்தவனைத் தேடி லயத்துக்கே வந்துவிடுமாம். பாம்பு கடித்தவர்களைவிட, ஜோடி வரும் என்ற பயத்தில் தூக்கம் கெட்டு மாத்திரை கேட்டு என்னிடம் வந்தவர்கள் அதிகம்.

ஆனால் அதைச் சும்மா சிரித்துத் தள்ளவும் முடியாது. விழித்திரையில் வெளிச்சம் பட்டால் வெளுக்கும் சாயம் ஒன்று உண்டு, அதை 1876-இல் ஃபிரான்ஸ் போல் என்பவர் கண்டுபிடித்தார். ஜெர்மனியில் கூனே என்ற பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு முயலைக் கம்பி போட்ட ஜன்னலைப் பார்க்க வைத்து, கொன்று, விழித்திரையைப் படிகார நீரில் போட்டுப் பதப்படுத்தினார். ஜன்னலும் கம்பியும் தெரிந்தன. அவருக்கு ஆசை விடவில்லை. 1880-இல் தலை வெட்டப்பட்ட ஒரு கைதியின் கண்ணையும் எடுத்துப் பார்த்தார். ஏதோ ஓர் உருவம் தெரிந்தது, அது என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்துப் போலீஸ்காரர்கள்கூடச் செத்தவரின் கண்ணைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கொலைகாரனும் அதில் அகப்படவில்லை. முயலை அசையாமல் பிடித்து, ஒரே வெளிச்சத்தைக் காட்டி, உடனே இருட்டில் அறுத்தால்தான் அந்த அளவாவது கிடைக்கும். இருட்டறையில் தூங்கிக்கொண்டே போன பெரியவர் கண்ணில் என்ன இருக்கப் போகிறது, இமையின் உள்பக்கம்தான்.

பெர்ஜுந்தை மகள்:

ஐயா, இரண்டு தடவை படித்தேன். தம்பியும் படித்தான். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தட்டில் போட்ட சோற்றை முழுதாகச் சாப்பிட்டான்.

இன்னொன்று மனதை அரிக்கிறது. அப்பா கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு வந்த சமயம், “இந்தக் கண்ணை எரிக்காதீங்க, யாருக்காவது குடுங்க” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். இனிப்பு நீர்க்காரர், ஆபரேஷன் செய்த கண், யார் எடுப்பார்கள் என்று. உண்மையிலேயே எடுத்திருக்க மாட்டார்களா? கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பார்கள் என்று அன்றைக்கும் அத்தைதான் சொன்னார்.

ரவாங் கண்ணாடிக் கடை:

அக்கா, நான் கண் பரிசோதகர். இதற்கு நான் பதில் சொல்கிறேன், டிரெசர் ஐயா தப்பிருந்தால் திருத்தட்டும்.

இனிப்பு நீர், கண்ணாடி போட்டது, கண்புரை ஆபரேஷன், வயது, இவற்றில் எதையும் சொல்லி முதலிலேயே வேண்டாம் என்று ஒதுக்க மாட்டார்கள். கண்புரை என்பது உள்ளே இருக்கும் லென்ஸின் கோளாறு. தானமாகப் போவது முன்பக்கத்து கார்னியா. அப்பா கண்ணில் வைத்த செயற்கை லென்ஸ் அதற்குப் பின்னால் இருக்கிறது. எடுத்த பிறகு, ஐயா சொன்னாரே அந்தத் தண்ணீர் இறைக்கும் செல்கள், அவை போதுமான அளவு இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பார்கள். வயதானவர்களுக்குக் குறைவாக இருக்கலாம், அதை அங்கே முடிவு செய்வார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, வெறிநாய்க்கடி போன்றவை இருந்தால் கூடாது. அதற்காக இரத்தமும் எடுத்துச் சோதிப்பார்கள்.

மற்ற உறுப்புகளுக்குப் பெரும்பாலும் மூளைச்சாவாகி, இதயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டியிருக்கும். கார்னியாவுக்கு இரத்தம் வேண்டாம், காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் மூச்சை வாங்கிக்கொள்ளும். அதனால் இதயம் நின்ற பிறகும் எடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது. எடுக்க அரை மணி போல ஆகும். கார்னியாவை மட்டும் எடுத்தாலும், முழு விழியை எடுத்துவிட்டு வேறு வைத்தாலும், இமையை மூடிவிட்டால் முகத்தில் வித்தியாசம் தெரியாது. குளிரில் சரியான திரவத்தில் வைத்தால் பதினாலு நாள் வரை தாங்கும்.

முழுக் கண்ணையும் இன்னொருவருக்கு வைக்க முடியுமா என்று கடையில் அடிக்கடி கேட்பார்கள். பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கு மேல் இழைகள், அறுத்தால் திரும்ப ஒட்டத் தெரியவில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் மின்சார விபத்தில் முகம் போன ஒருவருக்கு முழுக் கண்ணைப் பொருத்தினார்கள். இரத்தம் ஓடுகிறது, கண் உயிரோடு இருக்கிறது, பார்வை வரவில்லை. 2022-இல் வேறொரு ஆராய்ச்சியில், தானமாகக் கிடைத்த கண்களில், செத்து ஐந்து மணி நேரம் வரை விழித்திரைச் செல்களை வெளிச்சத்துக்குப் பதில் சொல்ல வைத்திருக்கிறார்கள். உடனே எடுத்து ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். செத்தவருக்குக் கண் தெரிந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை, பார்ப்பது மூளை.

கார்னியா யாருக்குப் போகும் என்று தெரிந்தால் அத்தை கொஞ்சம் யோசிப்பாரோ என்னவோ. நம் பக்கத்தில் பூ விழுந்த கண்ணோடு எத்தனை பேர்! ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் ஆசிட் தெறித்தவர்கள். குலை வெட்ட அண்ணாந்து பார்க்கும்போது மட்டையில் இருந்து தூசியும் சிலும்பும் விழுந்து, கசக்கி, காளான் கிருமி பிடித்துப் புண்ணானவர்கள். முதன்முதலில் இந்த ஆபரேஷன் பலித்ததும் ஒரு கூலியாளுக்குத்தான். 1905 டிசம்பரில், இப்போது செக் நாட்டில் இருக்கும் ஓலமோட்ஸ் ஊரில், சுண்ணாம்பு பட்டுக் கண் வெந்தவருக்கு எடுவார்ட் ஸிர்ம் என்ற டாக்டர் செய்தார். கார்னியா கொடுத்தது பதினொரு வயதுப் பையன், இரும்புத் துண்டு பாய்ந்து கண்ணையே எடுக்க வேண்டி வந்தது.

அடுத்த பிறவி பற்றி எனக்குத் தெரியாது. கண்ணைப் பிடுங்கிக் கொடுத்த கண்ணப்பரை நாயன்மாராக்கிக் கும்பிடுகிறோம் என்பது மட்டும் தெரியும். இலங்கையில் பௌத்தர்களும் மறுபிறவியை நம்புகிறவர்கள்தான். அங்கே ஹட்சன் சில்வா என்ற டாக்டர் தன் சொந்தத் தாயாரின் கார்னியாவை எடுத்து ஓர் ஏழை விவசாயிக்கு வைத்தார். 1961-இல் அவர் தொடங்கிய சங்கம் இன்றைக்கும் வெளிநாடுகளுக்குக் கார்னியா அனுப்புகிறது. மலேசியாவிலும் இலங்கைக் கண்ணால் பார்க்கிறவர்கள் உண்டு.

கடைசி வண்டி:

ஈமச் சடங்கு வேலை பார்ப்பவன் நான். டிரெசர் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஒன்று சேர்க்கிறேன். விறைத்த இமையை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், தோல் கிழியும், அந்தக் காயத்தைப் பார்த்து இன்னொரு அத்தை இன்னொரு கேள்வி கேட்பார். எங்களைக் கூப்பிட்டால் இமைக்கு அடியில் சின்னப் பிளாஸ்டிக் மூடி வைப்போம். அதன் மேல் முள் முள்ளாக இருக்கும், இமை நழுவாது. கண் உள்ளே அமுங்கியதும் தெரியாது. கண் மேல் நாணயம் வைக்கிறேன் என்று ஐம்பது சென் காசை வைப்பவர்கள் இருக்கிறார்கள், காசு நெற்றியில் இருக்கட்டும். கண்ணுக்கு ஈரப் பஞ்சு போதும். யாராவது போய்விட்டால் முதலில் விசிறியை நிறுத்துங்கள். இதை எத்தனை வீட்டில் சொல்லிவிட்டேன், வந்தவர்களுக்கு வியர்க்கிறது என்று திரும்பப் போட்டுவிடுகிறார்கள்.

ரவாங் கண்ணாடிக் கடை:

அதே விசிறி, அதே ஈரப் பஞ்சு, தானத்துக்கும் அதுதான். தலைக்கு ஒரு தலையணையும் வையுங்கள், விழிப் பக்கம் இரத்தம் தேங்காமல் இருக்கும். பதிவு செய்ய விரும்புகிறவர்கள் அரசாங்கச் சுகாதாரச் செயலியான மைசெஜாத்ராவிலேயே உறுப்பு தானப் பக்கத்தில் செய்யலாம். ஆனால் பதிவு மட்டும் போதாது. 1974 மனிதத் திசுக்கள் சட்டம் இருந்தாலும், வீட்டார் வேண்டாம் என்றால் எடுக்க மாட்டார்கள். அப்பா சொன்னபோது சிரித்தது போல இல்லாமல், உட்கார வைத்துச் சொல்லி வையுங்கள். யாருக்குப் போன் அடிப்பது என்பதையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

பெர்ஜுந்தை மகள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அத்தை வீட்டுக்குப் போனேன். அவருக்கு எழுத்து தெரியாது, டிரெசர் ஐயா எழுதியதை நானே படித்துக் காட்டினேன். விசிறி என்ற இடத்தில் நிறுத்தி மறுபடியும் படிக்கச் சொன்னார். தன் புருஷன் போனபோதும் அந்தக் கோடு இருந்தது, அவரையும் விசிறிக்கு அடியில்தான் போட்டிருந்தோம் என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, கண்ணு விஷயம் விடு. அந்தத் தோட்டத்துப் பணத்த உன் தம்பி என்ன பண்ணான், அதக் கேட்டியா?” என்றார். ஐயா, இதற்கு என்ன சொல்வது?

பழைய டிரெசர்:

தங்கச்சி, அடி என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார், அதுவே பெரிசு. அதை அவர் வாயாலேயே தம்பியிடம் சொல்லச் சொல்லுங்கள், கருமாதிக்கு வந்த நாலு பேர் இருக்கும்போது. பணத்துக்குத் தம்பியிடம் பேங்க் புத்தகத்தைக் கேட்டு அத்தை முன்னால் விரித்துவிடுங்கள். தோட்டம் எவ்வளவு கொடுத்தது என்பதில் குழப்பம் என்றால் ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) பழைய ரசீதின் நகல் கேளுங்கள். லயம் காலி செய்த தேதியைச் சொன்னால் தேடித் தருவார்கள்.